இரண்டு வாரமாகத் தூங்காத அண்ணனிடம் முருகன் பேசுகிறார்: இது பக்தியா, நோயா?

கேள்வி இது: "என் அண்ணனுக்கு வயது 29. நான்கு வருடத்துக்கு முன் பைபோலார் என்று சொன்னார்கள். லித்தியம் சாப்பிட்டு வந்தார், தீபாவளிக்குப் பிறகு நிறுத்திவிட்டார். இப்போது இரண்டு வாரமாக இரவில் இரண்டு மூன்று மணி நேரம்தான் தூங்குகிறார். முருகன் தன்னிடம் நேரில் பேசுவதாகவும், ஊர்க் குன்றில் கோயில் கட்டும் பொறுப்பைத் தனக்குக் கொடுத்திருப்பதாகவும் சொல்கிறார். அம்மா, 'சாமி காரியம், தடுக்காதே' என்கிறார். இது பக்தியா, மேனியாவா, சைக்கோசிஸா? நோய் ஸ்கிசோஃப்ரினியாவாக மாறிவிட்டதா?"

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நிறுத்தியிருக்கிறார், இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை. இந்த இரண்டுமே போதும். சாமி பற்றிய கேள்விக்கு விடை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். முடிந்தால் நாளையே, அவரைப் பார்த்துவந்த மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போய்ச் சொல்லுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

நான் டாக்டர் இல்லை. மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருந்து, உங்களைப் போன்ற குடும்பங்களோடு பல வருடம் உட்கார்ந்து பேசிய ஆள். அந்த இடத்திலிருந்து சொல்கிறேன்.

பைபோலார் என்பது மனநிலை சில காலம் அளவுமீறி ஏறி (மேனியா), சில காலம் அடியோடு இறங்கிவிடும் (மனச்சோர்வு) நோய். அதில் சைக்கோசிஸ் வருமா என்றால், வரும். அபூர்வமும் இல்லை. முழு மேனியா வருகிற முதல் வகை பைபோலாரில், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்துபோகிறது. அது வந்ததாலேயே நோய், நிஜத்திலிருந்து விலகுவதே முக்கிய அறிகுறியான ஸ்கிசோஃப்ரினியாவாக மாறிவிட்டது என்று ஆகாது. காய்ச்சல் ஏறும்போது சிலருக்குப் பிதற்றல் வருவதுபோல, மனநிலை உச்சத்துக்கோ அடிமட்டத்துக்கோ போகும்போது நிஜத்தின் பிடி நழுவுகிறது. சைக்கோசிஸ் என்ற சொல்லின் பொருள் அவ்வளவுதான். சினிமாவும் தெருச்சண்டையும் சேர்ந்து 'சைக்கோ' என்ற வசவை உண்டாக்கி வைத்திருப்பதால், இந்த வார்த்தையைக் கேட்டதும் வீட்டில் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். கத்தியோடு அலைகிறவர் என்ற படம் மனதில் இருப்பதால், கோயில் கட்டத் திட்டம் போடுகிற அன்பான அண்ணனிடம் அது இருக்க முடியாது என்று தோன்றிவிடுகிறது.

குடும்பங்கள் தவறவிடுவது இங்கேதான். எல்லோரும் சுவரைப் பார்த்துப் பேசுகிறாரா என்று பார்க்கிறார்கள். பைபோலாரில் சைக்கோசிஸ் பெரும்பாலும் அப்படி வருவதில்லை. மனநிலையின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது. மேனியாவில் தன்னம்பிக்கையாக, பக்தியாக, தொழில் வெறியாகத் தெரியும். மனச்சோர்வில் பணிவாக, பாவ உணர்வாக, உடம்பு பற்றிய கவலையாகத் தெரியும்.

மேனியாவில் அது படிப்படியாக ஏறும் விதத்தைப் பாருங்கள். முதல் வாரம்: "குன்றுமேல் ஒரு கோயில் இருந்தால் நல்லா இருக்கும்ல." இரண்டாவது வாரம்: "நான் கட்டப் போறேன், 5 கோடி திரட்டிருவேன்." மூன்றாவது வாரம்: "முருகன் கட்டச் சொல்லிட்டார், பணம் தானா வந்து சேரும், என்னை மாதிரி ஒருத்தனுக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தார்." முதலாவது ஆசை. இரண்டாவது மேனியாவின் அளவுமீறிய தெம்பு. மூன்றாவதில் நிஜத்தின் கயிறு அறுந்துவிட்டது. இதைத்தான் டாக்டர்கள் டெலூஷன் என்பார்கள். நான் மாய நம்பிக்கை என்றே எழுதுகிறேன். எந்த ஆதாரம் காட்டினாலும் அசையாத நம்பிக்கை. இன்னொன்று: சைக்கோசிஸ் கலந்துவிட்டால் அதை லேசான மேனியா என்று மருத்துவத்தில் சொல்லவே மாட்டார்கள். எத்தனை நாள் நீடித்தது என்று பார்க்காமல், அதை முழு மேனியா என்றே எடுத்துக்கொள்வார்கள்.

மேனியா எப்போதும் சிரித்துக்கொண்டிருக்கும் என்றும் நினைக்காதீர்கள். எரிச்சலும் சந்தேகமும் ஓங்கி நிற்கும் மேனியா உண்டு. "நான் மேல வர்றது பொறுக்காமத்தான் டீயில எதையோ கலந்துட்டீங்க" என்பார். செய்தி வாசிப்பவர் தனக்கு ரகசியச் சேதி சொல்கிறார், முன்னால் போகிற வண்டியின் நம்பர் தன் பிறந்த தேதி, தெரிந்தவர் வைத்த வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் தன்னைக் குத்துவதற்காகவே என்று எல்லாவற்றையும் தன்மேல் போட்டுக்கொள்வதும் இதே வகைதான்.

சரி, அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். அது முட்டாள்தனமான கேள்வி இல்லை. நம் ஊரில் சாமி மனிதர்கள்மேல் வரத்தான் செய்கிறது.

ஒரு கோயில் கொடையை நினைத்துப் பாருங்கள். உடுக்கையும் மேளமும் ஏற ஏற சாமியாடிக்கு அருள் வரும், குறி சொல்வார், திருநீறு பூசித் தண்ணீர் கொடுத்ததும் சாமி மலையேறிவிடும். மறுநாள் காலை அதே ஆள் பால் கறக்கப் போய்விடுவார். அதற்கு ஓர் இடம் உண்டு, ஒரு நேரம் உண்டு, முடிவு உண்டு. ஊரே அதைப் புரிந்துகொள்கிறது. நோயில் வருகிற சாமி மேளம் இல்லாமல் விடிகாலை மூன்று மணிக்கு வருகிறது, வந்தது இறங்குவதில்லை. ஊரில் வேறு யாருக்கும் புரியாத சேதியை அவருக்கு மட்டும் சொல்கிறது.

அதனால் 'முருகன்' என்ற சொல்லை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அதே கோயிலுக்குப் போகிற, அதே அளவு பக்தி உள்ள இன்னொருவருக்கு இந்தப் பேச்சு விசித்திரமாகப் படுகிறதா என்று பாருங்கள். உங்கள் அண்ணன் போன வருடம் எப்படிக் கும்பிட்டார், இப்போது எப்படி என்று அவரை அவரோடு ஒப்பிடுங்கள். அப்புறம் சந்தேகத்துக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். உண்மையான பக்தர் "முருகா, கேட்டது நீதானா, என் மனசா" என்று ஒரு நொடியாவது தயங்குவார். மாய நம்பிக்கையில் அந்தத் தயக்கம் இருக்காது. நீங்கள் தயங்கினால் நீங்களும் எதிரிப் பட்டியலில் சேர்ந்துவிடுவீர்கள். கடைசியாக, அந்த நம்பிக்கை அவரை எங்கே கொண்டுபோகிறது? வேலையை விட்டாரா, நகையை அடகு வைத்தாரா, சாப்பாடு மறந்துபோகிறதா?

ஒருமுறை எங்கள் பிரிவுக்கு ஒரு பையனைக் கூட்டிவந்தவரே ஒரு கிராமத்துப் பூசாரிதான். "எத்தனையோ சாமியாடியப் பாத்திருக்கேன். இது சாமி இல்ல தம்பி, சாமி வந்தா ஆடி முடிச்சதும் ஆளு அசந்து தூங்குவான். இவன் ஒம்பது நாளா தூங்கல" என்றார். அவரைவிட நன்றாக யாரும் எனக்கு இதை விளக்கியதில்லை.

வேண்டுதலை விடச் சொல்லி அம்மாவிடம் சண்டை போடாதீர்கள். விபூதியும் பூசட்டும், மாத்திரையும் உள்ளே போகட்டும். மனநோய் தீர வேண்டி மக்கள் தேடிப்போகும் தர்கா உள்ள ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் வெந்து இறந்தார்கள். அதே ஏர்வாடி தர்காவில் பின்னாளில் அரசு 'தவா துவா' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. தவா என்றால் மருந்து, துவா என்றால் பிரார்த்தனை. இரண்டும் ஒரே இடத்தில். அம்மாவிடம் பேச இது உதவும்.

அடுத்தது, உங்கள் கேள்வியில் இல்லாத, ஆனால் எனக்கு அதிகம் பயம் தருகிற பக்கம். மேனியாவின் சைக்கோசிஸ் தெருவுக்கே தெரியும். மனச்சோர்வின் சைக்கோசிஸ் சத்தமே இல்லாமல் மூலைக் கட்டிலில் படுத்திருக்கும். மூன்று வீட்டை வாடகைக்கு விட்டிருந்த ஒரு பெரியவர், "அரிசி வாங்கக் காசில்ல, பிள்ளைங்க தெருவுக்கு வந்துருவாங்க" என்று சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தார். மகன் பாஸ்புக்கைக் கொண்டுவந்து காட்டினான். "அது பழைய கணக்கு" என்றார். வீட்டார் அதை வயதானவரின் சிக்கனம் என்று நான்கு மாதம் விட்டுவிட்டார்கள். இன்னொரு பெண், பத்து வயதில் பக்கத்து வீட்டில் எடுத்த ஒரு ரூபாய்க்காகத் தான் நரகத்துக்குப் போவது முடிவாகிவிட்டது என்றார். "குடல் அழுகிப்போச்சு", "வயித்துக்குள்ள ஒண்ணுமே இல்ல", "நான் செத்து நாளாச்சு" என்று சொல்பவர்களும் உண்டு. பிரெஞ்சு மருத்துவர் ஜூல் கோத்தார் 1880-இல் இப்படி ஒரு பெண்மணியைப் பற்றி விவரித்ததால் அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. ஸ்கேன் எடுத்து, எண்டோஸ்கோபி எடுத்து, எல்லாம் நார்மல் என்று வந்தபின்னும் இந்த நம்பிக்கை அசையாது. லேசான மேனியா மட்டும் வருகிற இரண்டாம் வகை பைபோலார் உள்ளவர்களுக்கும் மனச்சோர்வுக் கட்டத்தில் இது வரலாம்.

இதில் தற்கொலை ஆபத்து அதிகம். "என் பாவம் பிள்ளைகளுக்கு வரக்கூடாது, அவங்களையும் என்னோடவே கூட்டிப் போயிடணும்" என்ற பேச்சு ஒருமுறை காதில் விழுந்தாலும், அன்றிரவே மருத்துவமனை. மறுநாள் என்று வைக்காதீர்கள், தனியாகவும் விடாதீர்கள்.

குரல்கள் பற்றி. "உனக்கு ஏதாவது குரல் கேட்குதா?" என்று நேராகக் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் இல்லை என்பார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது 'நீ பைத்தியமா' என்பது அவர்களுக்குத் தெரியும். நான் சுற்றிவளைத்துத்தான் கேட்பேன். "தூக்கம் கெட்டா சிலருக்கு யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுற மாதிரி இருக்கும், உங்களுக்கு அப்படி ஏதாவது?" கேட்காமலேயே கண்ணில் படுபவையும் உண்டு. பேச்சின் நடுவில் நின்று எதையோ உற்றுக் கேட்பார். பாட்டு ஓடாத ஹெட்செட்டைக் காதிலேயே வைத்திருப்பார், அல்லது எதையோ அமுக்குவதற்காக டிவி சத்தத்தை ஏற்றுவார். யாரும் இல்லாத பக்கம் பார்த்துச் சிரிப்பார். போன் கேமராவில் பிளாஸ்டர் ஒட்டியிருக்கும். தூங்கப்போகும் அந்த நொடியில் ஒரு குரல் கேட்பது பலருக்கும் நடப்பதுதான். துக்க வீட்டில் இறந்தவர் கூப்பிட்டதுபோல் இருப்பதும் சகஜம். அதையெல்லாம் கணக்கில் சேர்க்காதீர்கள்.

உங்கள் அண்ணன் விஷயத்தில் முக்கியமான கேள்வி, முருகன் பேசுகிறார் என்றால் எப்படி? மனதில் தோன்றுகிறதா, காதில் விழுகிறதா? விழுந்தால் என்ன சொல்கிறது? "குதி", "அவனை அடி", "சாப்பிடாதே" என்று கட்டளை இடுகிறதா? மறுக்க முடிகிறதா? கட்டளையிடும் குரலும் அதற்குப் பணிய வேண்டும் என்ற எண்ணமும் சேர்ந்தால் அது அவசரம்.

ஸ்கிசோஃப்ரினியாவா என்பதை ஒரு நாள் பார்வையில் யாரும் சொல்ல முடியாது. அனுபவசாலியான மருத்துவரும் காலண்டரைத்தான் கேட்பார். ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்லின் 1899-இல் இந்த இரண்டு நோய்களையும் பிரித்ததே அந்த நேரத்தின் அறிகுறியை மட்டும் வைத்து அல்ல, நோய் வருடக்கணக்கில் எப்படிப் போகிறது என்பதை வைத்துத்தான். பைபோலாரில் மனநிலை முதலில் ஏறும் அல்லது இறங்கும், பிறகு மாய நம்பிக்கை வரும், மனநிலை சமநிலைக்குத் திரும்பும்போது அதுவும் கரையும். இடைக்காலத்தில் ஆள் பழைய ஆளாக இருப்பார். மனநிலை சமமாக இருந்த நாட்களிலும் இரண்டு வாரத்துக்கு மேல் குரலோ மாய நம்பிக்கையோ தனியாக நீடித்திருந்தால், மருத்துவர் ஸ்கிசோஅஃபெக்டிவ் என்ற வேறொரு நோயைப் பற்றி யோசிப்பார். குரலும் நம்பிக்கையும் மனநிலைக்குப் பொருந்தி வருவது வழக்கம், ஆனால் பொருந்தாமல் வந்தாலும் பைபோலார் இல்லை என்று ஆகிவிடாது. ஆகவே நீங்கள் கொண்டுபோக வேண்டியது தேதிகள். தூக்கம் எப்போது குறைந்தது, பேச்சு எப்போது கூடியது, முருகன் எப்போது வந்தார். சோதிடர் மாதிரி நோயின் பெயரை ஊகிப்பதைவிட இது உதவும்.

பைபோலார் உள்ளவருக்கு வருவதெல்லாம் பைபோலாரும் இல்லை. உருவங்கள் தெரிகின்றன, இன்று என்ன கிழமை என்று தெரியவில்லை, ஒரு மணி நேரம் தெளிவு ஒரு மணி நேரம் குழப்பம் என்றால் உடம்பில் ஏதோ இருக்கிறது என்று சந்தேகியுங்கள். ஆஸ்துமாவுக்கோ மூட்டுக்கோ கொடுத்த ஸ்டீராய்டு, கஞ்சா, தைராய்டு கோளாறு, மூளைக்காய்ச்சல் எல்லாம் இப்படிக் காட்டும். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் பூச்சி ஊர்கிறது, ஆள் நிற்கிறது என்பார். அது உயிருக்கே ஆபத்து. லித்தியம் சாப்பிடுபவருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, கை பலமாக நடுங்குவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது வந்தால் மருந்து ரத்தத்தில் கூடிவிட்டது என்று அர்த்தம். மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் கூட அந்த அளவை ஏற்றிவிடும். இன்னொன்று, மனச்சோர்வு மாத்திரையைத் தனியாகக் கொடுத்ததால் மேனியாவுக்குத் தூக்கிவிடப்பட்டவர்களும் இருக்கிறார்கள். அவர் புதிதாக எந்த மருந்து எடுத்தாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இதைப் படிக்கும் பெண்களுக்கு ஒரு குறிப்பு. பிரசவமான முதல் இரண்டு வாரத்தில் வரும் சைக்கோசிஸ் பொதுவாக ஆயிரத்தில் ஓரிருவருக்குத்தான். பைபோலார் உள்ள தாய்மாருக்கோ ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு. "குழந்தை மாறிப்போச்சு", "இது என் பிள்ளை இல்ல" என்ற பேச்சை 'பச்சை உடம்பு, அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள்.

இப்போது அண்ணனிடம் எப்படிப் பேசுவது? வாதாடாதீர்கள். முருகன் பேசமாட்டார் என்று நிரூபிக்க முயன்றால் தோற்பீர்கள், அவர் நம்பிக்கையையும் இழப்பீர்கள். ஆமாம் போடவும் கூடாது. சில வீடுகளில் "சரிப்பா, கட்டலாம்" என்று சமாளிப்பார்கள், மறுநாள் அவர் செங்கலுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்து நிற்பார். "உனக்கு அப்படிக் கேட்குதுன்னு நம்புறேன். எனக்குக் கேட்கல. ஆனா நீ தூங்காம இருக்கிறது எனக்குப் பயமா இருக்கு, அதுக்காகவாவது டாக்டர்கிட்ட போகலாம்" என்று சொல்லிப் பாருங்கள். தனக்கு நோய் என்பதையே அவர் மூளை இப்போது அவருக்குக் காட்டவில்லை. அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தூக்கத்தில் இருவரும் ஒத்துப்போக முடியும், அதனால் தூக்கத்தை வைத்தே பேச்சைத் தொடங்குங்கள். இடையில் ஏடிஎம் கார்டு, வண்டிச் சாவி, வீட்டுப் பத்திரம் மூன்றையும் சத்தமில்லாமல் பத்திரப்படுத்திவிடுங்கள். நின்றுபோன லித்தியத்தை நீங்களாக மறுபடி ஆரம்பிக்கவும் வேண்டாம், ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும்.

யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416. மத்திய அரசின் டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கியது, எந்த நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-உம் உண்டு. அடிதடி, தற்கொலை முயற்சி என்றால் 108. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அவர் சம்மதிக்காவிட்டாலும், ஆபத்து இருக்கும் பட்சத்தில் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, அவருக்கான பிரதிநிதி விண்ணப்பித்து, மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியாகப் பரிசோதித்த பின் 30 நாள்வரை சேர்க்கலாம். சங்கிலியால் கட்டிவைப்பது அதே சட்டத்தில் தடை.

மருந்து வேலை செய்தால் அநேகமாக முதலில் திரும்புவது தூக்கம். கோயில் பேச்சு அதற்குப் பிறகு மெல்ல மெல்ல நீர்த்துப்போகும், ஒரே நாளில் போகாது. தெளிந்தபின் அவருக்கு வெட்கமாக இருக்கும். அப்போது "அன்னைக்கு என்னவெல்லாம் பேசின தெரியுமா" என்று சொல்லிக் காட்டாதீர்கள். நாள் பார்த்து, இந்தமுறை முதலில் மாறியது எது என்று அவரிடமே கேட்டு எழுதி வையுங்கள். ஒவ்வொருவருக்கும் அது வேறு. எனக்குத் தெரிந்த ஒருவர் தன் மனைவியிடம் சொன்னது: "நான் ராத்திரி எந்திரிச்சு வாசல்ல கிடக்கிற செருப்பையெல்லாம் சோடி சேர்த்து அடுக்க ஆரம்பிச்சா, என்னைக் கேக்காத, டாக்டருக்குப் போன் போடு." அந்த அம்மா அதைத் தினசரிக் காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். இதுவரை இரண்டு முறை போன் போட்டிருக்கிறார்.